அண்ணாந்து பார்ப்பவர்

பின்பனிக் காலத்துக் காலை ஒன்றில் ஏதாவது ஒரு சலூனுக்குள் நுழைந்து, உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு, 'இன்னிக்கு என்ன குளிரு' என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். கத்தரிக்கு அடியில் தலை கொடுத்திருப்பவர் கண்ணாடி வழியாக உங்களைப் பார்த்துக் கண்ணாலேயே ஆமோதிப்பார். பெஞ்சில் காத்திருப்பவர்கள் 'ஆமாமா' என்பார்கள். சவர நுரைக்குள்ளிருந்துகூட ஒரு 'ம்' வரும். ஒரே ஒருவர் மட்டும் விரித்த செய்தித்தாளை இறக்காமல் மெல்லச் சிரிப்பார்.

"இதெல்லாம் ஒரு குளிரா?"

அவரேதான். வானிலை தெரிந்தவர். மழை, வெயில், பனி, காற்று எதுவும் தன்னிடம் ஒரு வார்த்தை கலந்துகொள்ளாமல் இந்தப் பக்கம் வருவதில்லை என்று நம்புகிறவர். இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு, எல்லாப் பருவத்திலும் காணப்படும், எந்தத் தட்பவெப்பத்திலும் வளரும். இதற்குத் தனியாக உரம் தேவையில்லை. கேட்க ஒரு காது இருந்தால் போதும்.

இவர்களுடைய படிப்புக்கும் வானத்துக்கும் சம்பந்தம் இருக்காது. தொழிலுக்கும் வானத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நாம் இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளப் போகிறவர் குழாய்க்கடை முதலாளி. பிளாஸ்டிக் குழாய், வளைவு, வாளி, குளியலறைத் தொட்டி, திருகினால் கையோடு வரும் திருகு எல்லாம் விற்கிறார். தண்ணீரோடு அவருக்குள்ள உறவு தரைமட்டத்தைத் தாண்டி மொட்டைமாடித் தொட்டி வரைக்கும்தான் போகிறது. அதற்கு மேலே இருக்கும் தண்ணீரைப் பற்றித்தான் அவர் நாள் முழுவதும் பேசுகிறார். சலூன்காரர் அவருக்குத் தட்பவெப்பம் என்று பெயர் வைத்திருக்கிறார். "தட்பவெப்பம் வர்றாரு, அந்த ஓரத்து நாற்காலிய ஒழிச்சுக் குடு" என்பார். இது முதலாளியின் காதுக்கும் எட்டியிருக்கிறது. அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டார். கேலி செய்து இவர்களைத் திருத்தலாம் என்று யாராவது நினைத்தால், அந்த எண்ணத்தை இந்த இடத்திலேயே கைவிடுவது நல்லது.

அவர் வானம் பார்க்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். கடையை விட்டு இறங்கி, தெருவுக்கு நடுவில் வந்து, இரண்டு கைகளையும் இடுப்பின் பின்பக்கம் ஊன்றி, முகவாயை உயர்த்தி, ஒரு கண்ணை மூடி, மூக்கின் துவாரங்களை அகல விரித்து, பின்னால் வரும் சைக்கிள்காரன் மணி அடிப்பதையும் சட்டை செய்யாமல், தன்னிடம் கடன் வாங்கிப் போன யாரையோ மேலே கண்டுபிடித்துவிட்டவர் மாதிரி உற்றுப் பார்ப்பார். தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புவார். பிறகு "ம்ஹூம்" என்பார். அவ்வளவுதான். எதற்கு 'ம்ஹூம்'? மழைக்கா, வெயிலுக்கா, நமக்கா? அதைக் கேட்பதற்குத்தானே நாம் இருக்கிறோம். கேட்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தெருவில் யாரும் இல்லாதபோது அவர் வானத்தைப் பார்ப்பதே இல்லை. மதியம் கடைகள் எல்லாம் அரைக் கதவு சாத்திய நேரத்தில் அவர் தலை குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்து போவதை வேண்டுமானால் ஒளிந்திருந்து கவனியுங்கள். அப்போது மேலே மேகம் கறுத்துத் திரண்டு நின்றாலும் அவருக்கு அக்கறையில்லை. ஆள் இல்லாத வானம் எதற்கு?

கருவிகளை அவர் நம்புவதில்லை. உடம்பே கருவி. "முட்டி சொல்லுது" என்பார். மழைக்கு வலது முட்டி. குளிருக்கு இடது முட்டி. காற்றுக்கு விரல். ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டு உயர்த்திப் பிடிப்பார். ஒருநாள் சலூனுக்குள்ளேயே மின்விசிறிக்கு அடியில் நின்று உயர்த்திப் பிடித்துவிட்டு, "மேக்கால இருந்து வருது" என்றார். தலைக்கு மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அவருடைய கணிப்பு ஒருபோதும் தவறாது. ஏன் தவறாது என்று கேட்டால், தவற முடியாத மாதிரி அதைச் செய்து வைத்திருக்கிறார். "மழை வரணும். ஆனா இந்தக் காத்து விடாது." மழை வந்தால், வரணும் என்று சொன்னாரா இல்லையா? வராவிட்டால், காற்று விடாது என்று சொன்னாரா இல்லையா? இரண்டும் இல்லாமல் நாலு துளி மட்டும் விழுந்து நின்றுவிட்டால், "பக்கத்து ஊர்ல கொட்டித் தீத்திருக்கும், வேணும்னா போய்க் கேட்டுப் பாரு" என்பார். வானிலையைச் சரிபார்க்கப் பக்கத்து ஊருக்குப் பஸ் ஏறியவன் இதுவரை எவனும் இல்லை. அவருடைய புகழ் முழுவதும் அந்த ஏறாத பஸ்ஸில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் 'அந்த வருஷம்'. எந்த வருஷம் என்று அவர் சொன்னதில்லை. எல்லாக் குளிரும் அந்த வருஷம்தான் அடித்தது. "அந்த வருஷம் குழாயத் திறந்தா தண்ணி கம்பி மாதிரி அப்படியே நின்னுச்சு, கையால ஒடிச்சு வாளியில போட்டோம்." எல்லா மழையும் அந்த வருஷம்தான் பெய்தது. எல்லா வெயிலும் அந்த வருஷம்தான் காய்ந்தது. ஒரே வருஷத்துக்குள் இவ்வளவையும் தாங்கிக்கொண்டு மனிதர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அவர் பிழைத்தார் அல்லவா? அதுதான் கதையின் சாரம்.

வானிலை நிலையத்தின் மேல் அவருக்குள்ள வெறுப்பு சொந்தப் பங்காளி மேல் உள்ள வெறுப்பு. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஜன்னல் இல்லாத ஓர் அறைக்குள் குளிர்சாதனம் போட்டுக்கொண்டு, பொத்தானைத் தட்டிப் படம் பார்த்துவிட்டு, மாலை ஆனதும் குடையோடு வீட்டுக்குப் போகிறவர்கள் என்பது அவர் கண்ட காட்சி. "அவனுங்க ஒருநாளாவது கழுத்தத் தூக்கி மேல பாத்திருப்பானுங்களா?" என்று கேட்பார். நிலையம் சொன்னது பலித்தால் "குருட்டாம்போக்கு" என்பார். பலிக்காவிட்டால் அன்று முழுவதும் கடையில் வியாபாரமே நடக்காது. வாளி வாங்க வந்தவர்கள் வாளியையும் ஒரு சொற்பொழிவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வீட்டில் அவருடைய செல்வாக்கு எப்படி? அவர் மனைவியைக் கேட்டால் தெரியும். கொடியில் துணி காய்கிறது. இவர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கு மழை கெடையாது" என்று அறிவிக்கிறார். அந்த அம்மாள் நேரே போய்த் துணிகளை எடுத்து மடித்துக் கூடையில் போடுகிறார். "ஏங்க்கா, அவரு வராதுன்னுதானே சொன்னாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், "வராதுன்னு சொன்னாலும் எடுத்துடுவேன், வரும்னு சொன்னாலும் எடுத்துடுவேன். நமக்கு எதுக்கு அந்தப் பேச்சு, துணி காஞ்சா சரி." இந்த ஊரில் வானிலை குறித்துச் சொல்லப்பட்டவற்றுள் கேட்கத் தகுந்த கருத்து அது ஒன்றுதான். அதைக் கேட்டது பக்கத்து வீட்டுப் பெண் மட்டும்.

மழைக்காலத்தில் இந்த இனத்துக்குக் கொஞ்சம் அடக்கம் உண்டு. நனைந்துகொண்டே 'மழை கிடையாது' என்று சொல்ல முடியாது. கோடையிலும் அப்படித்தான், வெயிலைச் சொல்ல ஆள் தேவையில்லை. இவர்களுடைய பொற்காலம் பின்பனிதான். காலையில் பல் நடுங்கும், மதியம் சட்டைக்குள் வியர்க்கும், சாயங்காலம் இரண்டும் இல்லாமல் ஏதோ ஒன்று நிற்கும். புல்மேடு முழுவதும் வெளுத்து, கை வைத்தால் நொறுங்குகிற பதத்தில் கிடக்கும். குளிர்காலமா, முடிந்துவிட்டதா, கோடையா, தொடங்கிவிட்டதா என்று யாருக்கும் நிச்சயமில்லாத நாட்கள். நிச்சயமில்லாத இடத்தில்தான் இவர்கள் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

அப்படி ஒரு காலையில் நடந்ததைச் சொல்கிறேன்.

சலூனில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் முடிவெட்டுக்கு உட்கார்ந்திருந்தார். பெஞ்சு நிறைய ஆட்கள். ஓரத்து நாற்காலியில் தட்பவெப்பம். பாட்டு நின்று வட்டார வானிலை அறிக்கை ஆரம்பித்தது. மலைப்பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று இறங்குகிறது என்றது. அடுத்த இரண்டு நாளுக்குக் கடும் குளிர், தாழ்வான இடங்களில் அதிகாலை உறைபனி இருக்கலாம் என்றது. இதுவரை நம்மவர் பொறுமையாக, மாணவன் ஒப்பிப்பதைக் கேட்கும் தலைமையாசிரியர் போல, கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார். அடுத்து, காற்று பலமாக வீசக்கூடும் என்றும், புல்லும் சருகும் மிகவும் காய்ந்திருப்பதால் தீ அபாயம் மிக அதிகம் என்றும், திறந்தவெளியில் எதையும்…

"அந்த ரேடியோவக் கொஞ்சம் நிறுத்துப்பா."

சலூன்காரர் நிறுத்தினார். ஓர் அறிக்கையை அதன் கடைசி வரி வரைக்கும் கேட்பது இந்த இனத்தின் வழக்கமில்லை. பாதி கேட்டதும் மீதி அவர்களுக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

"குளிரும்ங்கிறான். தீப்பிடிக்கும்ங்கிறான். ஒரே மூச்சுல சொல்றான். அப்போ ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஓடணுமா, கழட்டிப் போட்டுட்டு ஓடணுமா? அதையும் அவனையே சொல்லிடச் சொல்லு."

சலூன் குலுங்கிச் சிரித்தது. நேர்மையாகச் சொன்னால் அது நல்ல நகைச்சுவை. பெஞ்சில் இருந்தவர்கள் அதை மாலைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள் என்று அப்போதே தெரிந்தது. கேட்க வேண்டிய வரி அந்தச் சிரிப்புக்கு அடியில் போய்விட்டது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

வாத்தியார்தான் துணிக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்தார். "இல்ல சார். காத்துல ஈரம் இல்லன்னா குளிர்லயும் சட்டுன்னு பத்திக்கும்னு எங்கயோ…"

"வாத்தியாரே, ஃப்ரிட்ஜுக்குள்ள தீப்பிடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. இதில் வேடிக்கை என்னவென்றால் வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். தான் சொன்னது சரி என்று அவருக்குத் தெரியும். ஆனால் சரியாக இருப்பதைவிட, சிரிக்கிறவர்களோடு இருப்பது சூடாக இருக்கிறது. அது குளிர் காலம் வேறு. கையைத் துணிக்குள் இழுத்துக்கொண்டார்.

அப்போதுதான் போன் வந்தது. கூப்பிட்டது தட்பவெப்பத்தின் தங்கை. ஊருக்கு வெளியே புல்மேட்டின் அடியில் நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறவர். வளைத்த கம்பிகளின் மேல் பிளாஸ்டிக் தாள் போர்த்திய நீளமான கூடாரங்களுக்குள் தக்காளி, மிளகாய், கோஸ் நாற்றுகள் தட்டுத் தட்டாக நிற்கும். பின்பனி முடிந்ததும் விவசாயிகள் வந்து எடுத்துப் போவார்கள். இந்த ஒரு முறை விற்பதில்தான் அந்த வீட்டுக்கு வருஷம் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். அவர் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்தச் சம்பளம் வேனுக்கே போதாது.

தட்பவெப்பம் போனைக் காதில் வைக்கவில்லை. ஒலிபெருக்கியில் போட்டு உள்ளங்கையில் ஏந்தினார். அந்தரங்கமாக ஆலோசனை சொல்வது இவர்களுக்குப் பிடிக்காது.

"அண்ணா, வேலையா இருக்கியா?"

"இல்லம்மா, சொல்லு."

"ரேடியோ கேட்டியா? உறைபனி விழும்ங்கிறாங்க. நாத்தெல்லாம் இப்பத்தான் ரெண்டு இலை விட்டு நிக்குது, ஒரு ராத்திரி பனி பட்டா மொத்தமும் கருகிடும். வைக்கோல் போட்டு ஓரமெல்லாம் மூடிட்டேன். அது போதுமா, டின்னுல சருகு போட்டுப் புகையும் வைக்கணுமா? எதையும் எரிக்காதீங்கன்னும் சொல்றாங்க. இவரும் வேணாங்கிறாரு."

"யாரு, மாப்பிள்ளையா? அவர ஸ்டியரிங்கப் பாத்து ஓட்டச் சொல்லு."

சலூன் சிரித்தது. போனில் அந்தப் பெண் சிரிக்கவில்லை. "சொல்லுண்ணா, எனக்கு பயமா இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். தட்பவெப்பம் தன் வாழ்க்கையில் ஒரு நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை. பனிக்குப் புகை போடுவதைக் கண்ணால் பார்த்ததில்லை. தங்கை பண்ணைக்குப் போனால்கூட வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, குடித்த தம்ளரை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்புகிறவர். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை அவர் நாக்குக்குப் பழக்கமில்லை. அதோடு கத்தரி நின்றுவிட்டது. பெஞ்சு முழுவதும் அவர் வாயைப் பார்த்தது. வாத்தியார் கண்ணாடியில் பார்த்தார். இத்தனை பேர் பார்க்கும்போது ஒரு மனிதன் எப்படித் தெரியாமல் இருக்க முடியும்?

எழுந்து வாசலுக்குப் போனார். இடுப்பில் கை. முகவாய் மேலே.

"புகை போடு" என்றார். "விடியறதுக்கு முன்னாடியே ஆரம்பி. கூடாரத்த ஒட்டி நாலு பக்கமும் டின்ன வை. வெயில் நல்லா ஏறுற வரைக்கும் அணைக்காத. பனி உன் கிட்டயே வராது. எழுதி வச்சுக்கோ."

"காத்து அடிச்சா என்னண்ணா பண்றது?"

"காத்தா? இந்த மாசத்துல காத்து எங்கேருந்தும்மா வரும்? நான் வானத்தப் பாத்துக்கிட்டேதானே சொல்றேன்."

"சரிண்ணா. நீ சொன்னா சரி" என்றார் தங்கை.

'நீ சொன்னா சரி.' இந்த இனம் உயிர் வாழ்வது இந்த மூன்று சொற்களை உண்டுதான். அவர் போனைப் பையில் போட்டபோது முகம் சவரம் செய்த மாதிரிப் பளபளத்தது. அவர் இன்னும் சவரம் செய்துகொள்ளவில்லை.

மறுநாள் தங்கை அண்ணன் சொன்னதை அப்படியே செய்தார். விடியுமுன் டின்களில் சருகும் மரத்தூளும் போட்டுக் கூடாரங்களை ஒட்டி வைத்துப் பற்றவைத்தார். புகை தாழ்வாக, சாதுவாக, நாற்றுகளைச் சுற்றிப் படர்ந்தது. வேனுக்குக் கிளம்பிய கணவர் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"லேசா காத்து ஆரம்பிக்குது. அணைச்சுடலாமா?"

"வெயில் ஏறட்டும்னு அண்ணன் சொல்லியிருக்கு."

"உங்க அண்ணன் சலூன்லதான் இருக்காரு. நாமதான் இங்க இருக்கோம்."

"காலங்காத்தால ஆரம்பிக்காதீங்க. பிள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும், போங்க."

அவர் போனார். போகாமல் என்ன செய்வார்? மச்சானை மறுத்துப் பேச ஒரு மாப்பிள்ளைக்கு அந்த வீட்டில் எவ்வளவு இடம் உண்டோ அவ்வளவையும் அவர் ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார்.

வெயில் ஏறிய நேரத்தில் காற்றும் ஏறியது. எங்கேருந்து வரும் என்று கேட்கப்பட்ட அதே காற்று, வானிலை நிலையம் சொன்ன திசையிலிருந்து, மலைப்பக்கமிருந்து, ஒரு சொட்டு ஈரமில்லாமல் இறங்கி வந்தது. ஒரு டின் உருண்டது. பொறி ஒன்று பனிக்காகப் போர்த்தியிருந்த வைக்கோலில் போய் உட்கார்ந்தது. வைக்கோல் எரிவதற்கு யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் தாள் சுருங்கி, உருகி, சொட்டுச் சொட்டாக நாற்றுகளின் மேல் விழுந்தது. தங்கை முதலில் வாளியோடு ஓடினார். அப்புறம் வாளியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு சாலைக்கு ஓடினார். தீ அதற்குள் வேலியைத் தாண்டிப் புல்மேட்டில் ஏறி, அவசரமே இல்லாத ஆளைப் போல மேலே போய்க்கொண்டிருந்தது.

ஊரே ஓடியது. ஈரச் சாக்கால் அடித்தவர்கள், மண்ணை அள்ளி வீசியவர்கள், செல்போனில் படம் எடுத்தவர்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முந்தைய நாள் அந்தப் போனோடு கத்தரி நின்றுபோய்ப் பாதியில் விட்ட வெட்டை முடிக்க அன்று காலை மறுபடி உட்கார்ந்திருந்த கணக்கு வாத்தியார், ஒரு பக்கம் வெட்டியும் ஒரு பக்கம் வெட்டாமலும், கழுத்தில் சலூன் துணியோடு ஓடிவந்து சேர்ந்தார். எல்லாம் அடங்கியபோது கறுத்த கம்பி வளைவுகள் வரிசையாக நின்றன. ஒரே ஒரு கூடாரம் ஓரத்தில் மிஞ்சியிருந்தது. யாருக்கும் காயமில்லை. தங்கைக்குப் புருவம் மட்டும் கருகியிருந்தது. அவர் கவிழ்த்த நாற்றுத் தட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து, எரிந்த இடத்தைப் பார்க்காமல், மிஞ்சிய கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்பவெப்பமும் வந்திருந்தார். வராமல் இருப்பாரா? சாம்பல் மேல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்தார். ஒவ்வொரு வளைவாகக் கடந்தார். நாம் எல்லோரும் அவர் என்ன சொல்லப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒரு மனிதன் இப்படி ஒரு நாளில் கொஞ்சமாவது உடைந்து போவான், குரல் தழுதழுக்கும், தங்கை பக்கத்தில் போய் உட்காருவான் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அவர் மிஞ்சிய கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தார். ஒரு மிளகாய் நாற்றின் இலையை இரண்டு விரலால் பிடித்து, திருப்பிப் பார்த்தார். வெளியே வந்தார்.

"பாத்தியாம்மா" என்றார். "ஒரு இலைகூட பனியில கருகல."

தீயணைப்பு வீரர் ஒருவர் குழாயைச் சுருட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

அதில் எரிச்சல் தரும் விஷயம் என்னவென்றால் அது உண்மை. அன்று பனி விழவே இல்லை. விடியலுக்கு முன்பே அசைய ஆரம்பித்திருந்த காற்று அதை விழ விடவில்லை. பனியைத் தடுத்த அதே காற்றுதான் பொறியைத் தூக்கிக்கொண்டு போனது. புகை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவர் சொன்னது என்ன? பனி கிட்ட வராது. வந்ததா? வரவில்லை. கணக்கு சரி. கணக்கு சரியாக வந்தால் வாத்தியாருக்கும் வேறு வழியில்லை. பாதித் தலையைத் தடவிக்கொண்டே, "அது வாஸ்தவந்தான்" என்றார்.

வேனைத் திருப்பிக்கொண்டு வந்த கணவர் கூட்டத்தை விலக்கி உள்ளே வந்தார். மனைவியைப் பார்த்தார். எரிந்ததைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். திட்டவில்லை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். தங்கை அந்த ஒற்றைக் கூடாரத்தைக் காட்டிக் கேட்டார்:

"இன்னிக்கு ராத்திரியும் குளிருமா? இதையாவது எப்படிக் காப்பாத்துறது?"

அண்ணனுக்குக் கேட்டுவிட்டது. கைகள் தானாக இடுப்புக்குப் போயின. முகவாய் உயர்ந்தது. மூக்கு விரிந்தது.

"தெரியல" என்றார் கணவர். "கேட்டுப் பாக்கலாம்."

கரி படிந்த கையால் போனை எடுத்து வானிலை நிலையத்துக்கே அடித்தார். யாரோ எடுத்தார்கள். "பண்ணை வச்சிருக்கோம்ங்க. தாழ்வான இடம். ஆமாங்க, இப்பத்தான் தீப்பிடிச்சுது. காத்து எப்பங்க நிக்கும்? நின்னா பனி விழுமாங்க? எதப் போட்டு மூடலாம்? மெதுவாச் சொல்லுங்க, அவளும் கேக்கணும்." தங்கை அவர் தோளில் சாய்ந்து, போனின் மறுபக்கத்தில் காதை வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் இடையில் நிறுத்தச் சொல்லாமல், சிரிக்காமல், கடைசி வரை கேட்டார்கள். கேட்டு முடித்ததும் எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஈரச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு மிஞ்சிய கூடாரத்தை நோக்கிப் போனார்கள்.

தட்பவெப்பம் இன்னும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார். அவர் சொல்லி முடிக்கும் வரை யாரும் அங்கே நிற்கவில்லை.

இத்தோடு திருந்தியிருப்பார் என்கிறீர்களா? மறுநாள் சலூனில் ஓரத்து நாற்காலி ஒழிந்திருந்ததா என்று கேட்கிறீர்களா? ஒழித்துக் கொடுத்தது யார் என்று கேளுங்கள். அவர் உள்ளே நுழைந்ததும் பெஞ்சு அமைதியானது உண்மை. யாரோ செருமினார்கள். வாத்தியார், மறுபக்கமும் வெட்டிச் சமமாகிவிட்ட தலையோடு, செய்தித்தாளுக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். அந்த அமைதி கொஞ்ச நேரம்தான் தாங்கியது. தாங்க முடியாதவர் சலூன்காரர். கத்தரியை ஆட்டிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "அப்புறம்ணே, நாளைக்கு எப்படி இருக்கும்?" என்றார். தீ வைத்தது டின் மட்டும்தானா? கேட்ட வாய்களையும், சிரித்த பற்களையும், பாதியில் ரேடியோவை நிறுத்திய விரலையும் எந்தத் தீயணைப்பு நிலையமும் விசாரிக்காது. தட்பவெப்பம் ஒரு கணம் யோசித்தார். ஒரே ஒரு கணம். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

நீங்கள் இதுவரை ரசித்துப் படித்திருப்பீர்கள். உங்கள் தெருவில், உங்கள் அலுவலகத்தில், உங்கள் மாமனார் வீட்டில் இப்படி ஒருவர் இருப்பது ஞாபகம் வந்திருக்கும். அவருக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்றுகூடத் தோன்றியிருக்கும். தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. மழையை விடுங்கள், பனியை விடுங்கள். காய்ச்சல் வந்த பிள்ளையைப் பற்றியோ, வேலையை விடலாமா என்றோ, இந்த வீட்டை வாங்கலாமா என்றோ, உங்களையே நம்பி ஒருவர் வந்து கேட்டபோது, நாலு பேர் முன்னால், 'எனக்குத் தெரியல' என்று கடைசியாக நீங்கள் எப்போது சொன்னீர்கள்?

பதில் உடனே வந்துவிட்டதா?

அதுதான் கவலையாக இருக்கிறது.